வைத்தியம் வேண்டாமென்று மரணத்தை நாடுவோர்க்கு நாம் செய்யத்தக்கது

(ஆம்பூரில் கூடிய நமது சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம். அக்கிராசனர் அவர்களின் விருப்பப்படி இங்கே வெளியிடப்படுகிறது.)



இச்சபையில் எழுந்து நின்று பேசுவதற்குப் படிப்பினாலேனும் பதவியினாலேனும் எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. முப்பது வருஷ காலம் தோல் மண்டியில் கணக்கெழுதி ஜீவித்தவன் நான். நமது கூட்டங்களில் மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் கொடுத்தல், விடுதி கட்டுதல், விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய விஷயங்களைப் பற்றிப் பெரியோர்கள் பேசக் கேட்டுப் பயனடைந்திருக்கிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயமோ, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் மாத்திரம் பேசப்படுவது. கொடிய வியாதியொன்று தமக்கு உண்டென்று அறிந்த ஒருவர், "எனக்கு வைத்தியம் வேண்டாம், நான் போய்ச் சேருகிறேன்" என்று சொல்வாராயின், அவருடைய வீட்டாரும் உறவினரும் செய்யத்தக்கது யாது என்பதே அது.

இவ்விஷயத்தில் நான் பண்டிதனல்லேன். என் சொந்தத் தமையனார் காரியத்தில் நான் செய்த பிழைகளிலிருந்து கற்றுக்கொண்டதையே சொல்லப்போகிறேன். அவரைப் பற்றிச் சபையில் சொல்லலாமென்று என் அண்ணியாரும் அவருடைய மகளும் சம்மதித்த பின்னரே இங்கு வந்திருக்கிறேன்.

முதலில் நாம் வாழும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் நம்மவர் தோல் ஷாப்புகளையும் செருப்புக் கம்பெனிகளையும் நம்பி ஜீவனம் செய்கிறோம். 2019-ஆம் வருஷத்தில் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டபோதிலும், பெரிய வியாதி என்று வந்துவிட்டால் நமக்கெல்லாம் வேலூர்தான் கதி. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் வருஷத்தில் சிறிய அளவில் தொடங்கிய வைத்தியசாலை இன்று கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாகப் பெருகி, சி.எம்.சி. என்ற மூன்றெழுத்தால் தேசமெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. 1971-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டதும் அவ்விடத்திலேதான். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் இரண்டு இராத்திரி ரயிலில் பிரயாணம் செய்து, காட்பாடியில் இறங்கி, அங்கே சென்று நம்பிக்கையோடு வரிசையில் நிற்பதை நாம் தினமும் காண்கிறோம். அவ்வளவு அருகில் வாழும் நம் வீடுகளிலேயே வைத்தியம் வேண்டாமென்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். ஆகையால் ஆஸ்பத்திரி சமீபத்தில் இருப்பது மாத்திரம் போதாது என்பது விளங்கும்.

மற்றொரு செய்தியையும் நீங்கள் அறிதல் வேண்டும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமுதாய ஆரோக்கியப் பிரிவினர், ஏறக்குறைய 1,08,000 ஜனங்களிடையே, 1994 முதல் 1999 வரை நேர்ந்த ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாகச் சென்று விசாரித்துக் காரணம் எழுதினார்கள். அதன் முடிவு 2003-ஆம் வருஷத்தில் ஆங்கில வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. வருஷத்திற்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 95 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாகக் கண்டார்கள். அக்காலத்துச் சர்க்கார்க் கணக்கில் தேசம் முழுமைக்கும் காட்டப்பட்ட விகிதத்தைக் காட்டிலும் இது பல மடங்கு அதிகம். நம் ஊர்களிலும், "வயிற்று வலியால் இறந்தார்", "மாரடைப்பால் போனார்" என்று சொல்லி நாம் மூடிவைத்தவை எத்தனையோ என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியதே.

இனி என் தமையனாரின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அவர் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கையால் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். ஐம்பத்திரண்டாம் வயதில் கால் வீங்கிற்று, சாப்பாடு பிடிக்கவில்லை, மூச்சு வாங்கிற்று. பரிசோதித்ததில், நெடுநாளாக இருந்த நீரிழிவினாலும் இரத்தக் கொதிப்பினாலும் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்றும், இனி வாரத்தில் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், யந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திசெய்ய வேண்டும் என்றும் வைத்தியர் தெரிவித்தார். டயாலிசிஸ் என்ற அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம்.

தமையனார் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறியபின், "தம்பி, இது எனக்கு வேண்டாம். இதோடு விட்டுவிடு" என்றார். அதன் பின்பு இரண்டு வாரம் அவரை அசைக்க எங்களால் முடியவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். முதலில் அவரோடு வாதாடினேன். வைத்தியம் செய்துகொள்ளாவிடில் இத்தனை நாளில் இன்னது நேருமென்று வைத்தியர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்தினேன். இறப்பதற்குத் துணிந்தவருக்கு மரணத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்தபடியாக உறவின்முறைப் பெரியவர்கள் நால்வரை அழைத்து வந்தேன். ஒருவர், "ஆண்பிள்ளை இப்படிக் கோழையாகலாமா?" என்று கடிந்தார். ஒருவர் பூர்வ ஜன்ம வினை என்றார். மற்றொருவர், பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விடுவது பாவம் என்றார். தமையனார் அவர்கள் எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லி, மரியாதையோடு வழியனுப்பிவிட்டு, மறுநாள் முதல் என்னோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

பின்னர் நான் செய்த பிழை நல்லெண்ணத்தால் விளைந்தது. மேரி வர்கீஸ் என்ற வைத்திய அம்மையாரைப் பற்றி உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். அவர் சி.எம்.சி.யில் வைத்தியராக இருந்த காலத்தில், 1954-இல், வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. அப்போது அங்கிருந்த பால் பிராண்ட் என்னும் இரண சிகிச்சை நிபுணர், உட்கார்ந்தபடியே கைகளுக்கு இரண சிகிச்சை செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்துகொண்டே, குஷ்ட நோயினால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் சிகிச்சையைச் செய்தார். பின்பு அமெரிக்கா சென்று பயின்று திரும்பி, அங்கம் பழுதுற்றோர்க்கு மறுவாழ்வு தரும் பிரிவுக்குத் தலைவரானார். பாகாயத்தில் 1966-இல் அதற்கென்றே ஒரு நிலையமும் ஏற்பட்டது. 1972-இல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

இச்சரித்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இதைத் தமையனாருக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அந்த அம்மா மகான். நான் மேஸ்திரி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை. பிறருடைய வீரத்தைச் சொல்வதன் மூலம், அவருடைய துன்பத்தை நான் கேட்க விரும்பவில்லை என்று அவருக்குத் தெரிவித்தவனானேன். அம்மையாருக்கும் தொடக்கத்தில் ஒருவர் அருகில் வந்து அவரைப் பார்த்துப் பேசினாரன்றி, வேறொருவருடைய கதையைப் படிக்கச் சொல்லவில்லையென்பது பிற்பாடே எனக்கு விளங்கிற்று.

இதற்கிடையில் தமையனார் சில காரியங்களை ஒழுங்காகச் செய்துவந்தார். தாம் வாங்கியிருந்த சில்லறைக் கடன்களை அடைத்தார். பிராவிடண்ட் பண்டுக் காகிதங்களை அண்ணியாரிடம் கொடுத்து எங்கெங்கே கையெழுத்து வேண்டுமென்று காட்டினார். தம் கைக்கடிகாரத்தை என் மகனுக்குக் கட்டிவிட்டார். அதுவரை இரவெல்லாம் உலாவிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானார். மனம் தேறிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சகோதரர்களே, இவை யாவும் அபாயக் குறிகள். இவற்றை அடையாளம் காணாத குருடர்களாக நாங்கள் இருந்தோம்.

வைத்தியசாலையில் ரிப்போர்ட் வாங்கச் சென்றிருந்தபோது, வயதான ஒரு நர்ஸ் அம்மாளிடம் இந்த அமைதியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. "வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் உங்கள் அண்ணாவோடு என்றாவது உட்கார்ந்திருந்தீர்களா? உயிரை விட நினைக்கிறாரா என்று நேராகக் கேட்டீர்களா?" என்றார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டியதாகாதா என்றேன். "ஆகாது. கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. உள்ளே இருந்தால் வெளியே வரும். இன்றைக்கே கேளுங்கள், கேட்டபின் தனியே விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்" என்றார். அதைப் பற்றி ஆராய்ச்சி செய்த நிபுணர்களும் அவ்வாறே முடிவு கண்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தேன்.

அன்றிரவு எல்லோரும் படுத்தபின் திண்ணையில் அவர் அருகே உட்கார்ந்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணா, உயிரை விட்டுவிடலாமென்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமாம் தம்பி" என்றார். எதைக்கொண்டு என்பதையும், அது வீட்டில் எங்கே இருக்கிறதென்பதையும் சொன்னார். இரண்டு வாரமாக எத்தனை பேர் வந்தும் சொல்லாதவர், ஒருவன் கேட்டவுடன் சொன்னார்.

நான் அப்போது உபதேசம் செய்யவில்லை. செய்யும் சக்தியும் எனக்கில்லை. "உங்களுக்கு இதில் எது தாங்க முடியாததாக இருக்கிறது?" என்று மாத்திரம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இச்சபை கேட்க வேண்டும் என்பதற்காகவே இன்று வந்தேன்.

"ஊசிக்கும் யந்திரத்துக்கும் நான் பயப்படவில்லை. வாரம் மூன்று நாள் வேலூருக்குப் பஸ் ஏறினால் ஊர் அறியும். வீடு விற்கப்போகிறது என்பார்கள். வியாதிக் குடும்பம் என்பார்கள். பெண்ணுக்குப் பேசியிருக்கிற இடம் கைவிட்டுப் போகும். நான் சீக்கிரம் போய்விட்டால், திடீரென்று மார்வலி வந்தது என்று சொல்லிக் கலியாணத்தை முடித்துவிடலாமல்லவா?"

அவருடைய மகளுக்கு அப்போது வரன் நிச்சயமாகும் தறுவாயில் இருந்தது. அந்த இடம் நம் சங்கத்தைச் சேர்ந்ததே. ஆகவே அவர் அஞ்சியது நம்மைத்தான். சிறுநீரகம் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. மரணத்தை நோக்கித் தள்ளியது நம் வாய்.

விடியும்வரை அவ்விடத்தை விட்டு நான் எழவில்லை. விடியற்காலையில், "அந்தப் பொருளை என்னிடம் கொடுங்கள் அண்ணா" என்றேன். பீரோச் சாவியைக் கொடுத்தார். அன்று முதல் வீட்டிலிருந்த மருந்துகளும், கொல்லையிலிருந்த பூச்சிமருந்தும் எங்கள் வீட்டுக்குப் போயின. அண்ணியாருக்கும் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒருவரே இரவு பகலாகக் காவலிருந்தால் அவரும் விழுந்துவிடுவார் என்று, மைத்துனர், என் மனைவி, நான் மூவரும் முறை போட்டுக்கொண்டோம். அன்று பகலிலேயே தமையனாரை மனோவியாதி வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். சிறுநீரகத்துக்காக வரமாட்டேன் என்றவர், "தூக்கம் வருவதற்கு மாத்திரம் ஒருவரைப் பார்ப்போம்" என்றதற்கு இணங்கினார்.

அந்த வைத்தியர் சொன்னவை இரண்டு. முதலாவது, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கழிவு சேருவதனாலேயே சோர்வும், அரோசிகமும், சில சமயம் புத்தி மயக்கமும் உண்டாகும். ஆகையால் வேண்டாமென்று சொல்வதில் வியாதியின் குரல் எவ்வளவு, மனிதரின் குரல் எவ்வளவு என்று உடனே தீர்மானிக்கலாகாது. இரண்டாவது, கொடிய வியாதியைக் கேள்விப்பட்டவர்க்கு வரும் மனச்சோர்வு தனியே ஒரு வியாதி. அது மருந்தாலும் பேச்சாலும் குணப்படக்கூடியது. மருந்து பலன் தருவதற்கு இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதுவரையில் கண்காணிப்பைத் தளர்த்தலாகாது. சிறுநீரக வியாதியுள்ளவர்க்கு மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்குமாதலால், இரு வைத்தியரும் கலந்து பேசுதல் அவசியம்.

மனோவியாதி வைத்தியமென்றால் சங்கிலியும் பூட்டிய அறையும் நம் ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல நிலையம் 1957-இல் தொடங்கிய காலம் முதலே, நோயாளியோடு குடும்பத்தார் கூடவே தங்கிச் சிகிச்சைக்குத் துணைசெய்யும் முறை அங்கே கையாளப்பட்டு வருகிறது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதே வழக்கமாக இருந்த நாளில், குடும்பத்தையும் மருந்தாக எண்ணிய இந்த ஏற்பாடு நம் ஊருக்கருகில் ஏற்பட்டதென்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை ஆரம்பித்தபின்னும், டயாலிசிஸ் வேண்டாமென்றே தமையனார் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். இறக்க வேண்டுமென்னும் விருப்பம் வேறு. இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாமென்னும் தீர்மானம் வேறு. முதலாவது ஓர் ஆபத்து. நெருப்புப் பிடித்த வீட்டைப்போல் உடனே ஓடிச்சென்று காக்க வேண்டியது. இரண்டாவது, தெளிந்த புத்தியுள்ள ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. கையைக் காலைக் கட்டி ஒருவருக்கு டயாலிசிஸ் செய்ய முடியாது, செய்தலும் தகாது. ஆகையால் நாங்கள் அவரைக் கட்டாயப்படுத்துவதை நிறுத்தினோம். வைத்தியர் ஒரு யோசனை சொன்னார்: "ஒரு மாதம் செய்து பாருங்கள். மாதம் முடிந்ததும் வேண்டாமென்றால், வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழியை நானே சொல்லித் தருகிறேன், உங்களைக் கைவிடமாட்டேன்." ஆயுள் முழுவதும் என்றபோது மறுத்தவர், ஒரு மாதம் என்றபோது யோசித்தார். வேண்டாமென்றாலும் கைவிடமாட்டேன் என்ற வார்த்தையைக் கேட்டபோது கண்ணீர் விட்டார். மறுவாரம் யந்திரத்தின் அருகே படுத்தார். நான்காம் வாரம் பசி எடுக்கிறதென்றார்.

இனி, நான் கற்றவற்றைத் தொகுத்துச் சொல்லுகிறேன்.

வைத்தியம் வேண்டாம் என்பவரிடத்தில் வைத்தியத்தைப் பற்றி வாதாடத் தொடங்காதீர்கள். எதைக் கண்டு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். ஒருவருக்குப் பணம், ஒருவருக்கு வலி, ஒருவருக்குப் பிறர்க்குப் பாரமாவோமே என்ற எண்ணம், ஒருவருக்கு ஊர்ப்பேச்சு. பயம் இன்னதென்று தெரியாமல் சொல்லும் சமாதானம் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போலாகும்.

இருந்தென்ன பயன், நான் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்பன போன்ற வார்த்தைகளைக் கேட்டால், "அப்படிப் பேசாதே" என்று வாயடைக்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் உண்டா என்று அன்போடும் நேராகவும் கேளுங்கள். உண்டென்றால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடாதீர்கள். ஊராருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் வைத்தியருக்கும், வீட்டில் நம்பத்தக்க இருவருக்கும் சொல்லியே தீரவேண்டும்.

வீட்டிலுள்ள மருந்து, விஷம் முதலியவற்றை அப்புறப்படுத்துங்கள். துணிந்தவனைத் தடுக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிவது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களில் தடை செய்ததன் பின்னர்த் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. நம் கடலூர் ஜில்லாவில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தைத் தம் வீட்டில் வையாமல் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். கிராமத்தார் அதை விருப்பத்தோடு ஏற்றார்கள்.

அபாயம் நெருங்கியிருந்தால் ஒரு நிமிஷமும் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 108 வண்டியைக் கூப்பிடுங்கள். பேசுவதற்கு ஒருவர் வேண்டுமானால் இரவிலும் பகலிலும் 14416 என்ற எண்ணில் சர்க்காரின் டெலி மானஸ் சேவை உண்டு. 2022-இல் ஆரம்பமான அதில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இத்தொண்டைச் செய்துவரும் ஸ்நேகா சங்கத்தின் எண் 044-24640050. நோயாளி மாத்திரமன்றி, அவரைக் கவனிப்பவரும் பேசலாம்.

போலீசுக்கு அஞ்சிச் சிலர் முயற்சி நடந்ததையே மறைத்து, காலதாமதத்தால் உயிரை இழக்கிறார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடுந்துயரத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையின்றிக் காக்க வேண்டுமென்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், முயன்றவரைத் தண்டிக்கும் பழைய பொதுப் பிரிவு இடம் பெறவில்லை. ஆகையால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பணத்தைப் பற்றிய பயம் பாதிக்கு மேல் அறியாமையால் வருவது. தோல் ஷாப்பிலும் செருப்புக் கம்பெனியிலும் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் பிடிக்கப்படுவோர், தமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பெறலாம். அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் உண்டு. டயாலிசிஸுக்கென்றே மத்திய சர்க்கார் 2016-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. என் தமையனாருக்கும் ஈ.எஸ்.ஐ. இருந்தது. அதை நாங்கள் விசாரித்தது, அவர் சாகத் தீர்மானித்த பின்பு.

பயங்களில் ஊர்ப்பேச்சு என்று ஒன்று சொன்னேன். மேற்சொன்ன எந்த மருந்தும் அதற்குப் பயன்படாது. அதற்கு வைத்தியர் இச்சபையிலிருப்பவர்களே.

குஷ்ட நோயைப் பற்றி நம் ஜில்லா அறிந்தவற்றை நினைத்துப் பாருங்கள். முன்னே சொன்ன பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்து, அந்நோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைக் கண்டு நடத்தினார். கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். வேலை கொடுப்பார் ஒருவருமில்லை. அவர்களிற் சிலர் திரும்பி வந்து, முன்பு கிடைத்த பிச்சையும் இப்போது கிடைக்கவில்லையே என்று அவரிடமே முறையிட்டார்கள். அதனால்தான் அவர்கள் தங்கித் தச்சு முதலிய கைத்தொழில் கற்பதற்கென்று நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்த நேர்ந்தது. 1955-இல் கரிகிரியில் அந்நோய்க்கென்று பெரிய நிலையமே உண்டாயிற்று. வைத்தியர் விரலை நிமிர்த்தலாம். அந்த விரலுக்கு வேலை கொடுக்க வேண்டியது ஊர். இன்று குஷ்டத்துக்கு முற்றிலும் குணப்படுத்தும் மருந்து வந்துவிட்டது. ஆயினும் அந்நாளில் அந்நோயாளிகளிடம் ஊர் பேசிய பேச்சை, இன்று புற்றுநோய் வந்த வீட்டைப் பற்றியும், சிறுநீரகம் பழுதான வீட்டைப் பற்றியும், மனோவியாதி வந்த வீட்டைப் பற்றியும் நாம் பேசுகிறோம்.

நம் வீடுகளில் வரன் பார்க்கும்போது, "அந்த வீட்டில் பெரிய வியாதி ஏதாவது உண்டா?" என்று விசாரிக்கிறோம். நாமும் விசாரிக்கப்படுவோமென்றஞ்சி மறைக்கிறோம். மறைப்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறோம். நீரிழிவினால் தகப்பனாரின் சிறுநீரகம் கெட்டால், அது பெண்ணைத் தீண்டும் தொற்று நோயன்று. அப்படியிருக்க அந்தப் பெண்ணைத் தள்ளுவதால் யாருக்கு என்ன லாபம்?

ஆகையால் சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமித்து, பெரிய வியாதி கண்ட வீட்டாருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குச் செல்லவும், காப்பீட்டுக் காகிதங்களைப் பூர்த்தி செய்யவும், இரவில் முறைக்காவல் இருக்கவும், கேட்டதை வெளியிடாமல் காக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்க நிதியிலிருந்து, காப்பீடு கைக்கு வரும்வரையில், முதல் மாதப் பிரயாணச் செலவுக்கு வட்டியில்லாக் கைம்மாற்றுத் தர வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் நிச்சயமான விவாகத்தைப் பெற்றோரின் வியாதியைக் காரணமாகக் காட்டி முறிப்பதில்லையென்று இச்சபை தீர்மானம் செய்ய வேண்டும். மூன்றாவதே முக்கியமானது. அதற்குச் செலவும் கிடையாது.

என் தமையனாரின் முடிவையும் சொல்லி அமருகிறேன். அவர் அஞ்சியபடியே அந்தச் சம்பந்தம் முறிந்தது. அதைக் கேட்டபோது நாங்கள் மிகவும் பயந்தோம்; அன்றிரவும் நான் அவரோடு திண்ணையில் படுத்தேன். ஆனால் அவர், "நான் பயந்தது நடந்துவிட்டது, நாம் எல்லோரும் இருக்கிறோமே" என்றார். இரண்டு வருஷம் கழித்து, எல்லாம் அறிந்தே பெண் கேட்டு வந்த ஒரு குடும்பத்தில் மகளுக்கு விவாகமாயிற்று. அவர்களும் நம்மவரே, இச்சபையில் இருக்கிறார்கள். விவாகம் வெள்ளிக்கிழமையில் நடந்தது. டயாலிசிஸ் நாளாதலால் தமையனார் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, பட்டு வேஷ்டியோடு வேலூருக்குப் பஸ் ஏறினார். ஊரே பார்த்தது. யந்திரத்தின் துணையோடு ஆறு வருஷம் வாழ்ந்து, பேரனுக்கு நடை பழக்கி, இருதய பலவீனத்தால் தம் வீட்டில், எங்கள் நடுவில் காலமானார். இம்முறை மார்வலி என்று ஊருக்குச் சொன்னது பொய்யன்று.

அந்த ஆறு வருஷம், திண்ணையில் கேட்ட ஒரு கேள்வியால் எங்களுக்குக் கிடைத்தது. உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, இன்றிரவு யாரேனும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கக்கூடும். வீட்டுக்குப் போனதும் அவர் அருகே உட்காருங்கள்.